மதகடி அமாவாசை

மலாக்கா மாநிலத்தின் வரைபடத்தில், தெற்கு மூலையில், மெர்லிமாவையும் தாண்டிப் பேர் எழுதாமல் விட்ட ஒரு துண்டு இருக்கும். ஆள் நடமாட்டம் இல்லாத இடம் என்று வரைந்தவர் நினைத்திருப்பார். நளினி அங்கேதான் பதினாறு வருஷமாகக் குடியிருந்தாள். பெரிய ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தார் ரோடு எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோப்புக்குள் ஒன்பது கிலோமீட்டர் நெளிந்து போய், கடைசியில் இரண்டாள் உயர மண்கரை ஒன்றில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். கரைக்கு அந்தப் பக்கம் கடல். இந்தப் பக்கம் பாயா லாவுட் தோட்டம்.

கடல் என்றதும் நீலமாக, அலையடித்துக்கொண்டு, படம் எடுத்துக்கொள்ளத் தோதாக இருக்கும் என்று யாரும் கிளம்பி வந்துவிட வேண்டாம். இது பால் கம்மியாக ஊற்றிய தேநீர் நிறத்தில் சேறும் தண்ணீருமாகக் கிடக்கிற கடல். ஏறினால் கரையைத் தொட்டுக்கொண்டு நிற்கும். இறங்கினால் முக்கால் கிலோமீட்டர் பின்வாங்கிப் போய், நடுவில் இடுப்பளவு சேற்றை விட்டுவைக்கும். கெராகாவ் என்கிற பொடி இறால் வரும் மாதங்களில் கம்போங்கு என்கிற மலாய்க் கிராமத்து ஆட்கள் மூங்கில் கட்டிய வலையைத் தள்ளிக்கொண்டு அந்தத் தண்ணீரோரம் நடப்பார்கள். அந்த இறால்தான் மெர்லிமாவ் கடைகளில் பெலாச்சான் கட்டியாகவும் சிஞ்சாலோக் ஊறுகாயாகவும் விலைக்கு வரும். மற்ற மாதங்களில் சேற்றுக்குச் சொந்தக்காரர்கள் கொக்குகள்தான்.

இதில் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி ஒன்றே ஒன்று. தோட்டத்து நிலம், ஏறிய கடலைவிடத் தாழ்வு. எண்ணூறு ஏக்கர் செம்பனை, லயத்து வீடுகள், கோயில், வங்காளதேசத்து ஆட்கள் தங்கும் கொட்டகை, எல்லாமே அந்த மண்கரையை நம்பித்தான் படுத்திருந்தன. மழைத் தண்ணீர் தானாக வெளியே போக வழி கிடையாது. கரையில் ஒரே ஒரு மதகு. கடல் ஏறும்போது அதை மூட வேண்டும். கடல் இறங்கி, உள்ளே வாய்க்காலில் நிற்கும் தண்ணீரைவிடத் தாழ்ந்ததும் திறந்துவிட வேண்டும். ஒரு நாளில் இரண்டு தடவை திறந்து, இரண்டு தடவை மூடுகிற ஆள் நளினி. மதகுக்கு மலாயில் பிந்து ஆயர் என்று பேர்; 'பிந்து ஆயர் நளினி' என்றால் சுங்கை ரம்பை வரைக்கும் தெரியும்.

வேலை என்னவோ ஓர் இரும்புச் சக்கரத்தைச் சுற்றுவதுதான். ஆனால் அது கடல் சொல்கிற நேரத்துக்குச் சுற்ற வேண்டிய சக்கரம். கடலோ இன்றைக்குச் சொன்ன நேரத்தை நாளைக்குச் சொல்லாது, தினமும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் தள்ளிப் போகும். திறக்கும்போதெல்லாம் தண்ணீர்மட்டப் பலகையைக் கைப்பேசியில் படம் பிடித்து ஆபீசுக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். பலகையில் ஒரு சிவப்புக் கோடு இருந்தது. தண்ணீர் அதைத் தாண்டினால், தோட்டத்திலேயே பள்ளமான பகுதியாகிய தாழ்ந்த வெளிக்குள் ஏறிவிடும்.

இந்த வேலையோடு ஒரு வீடும் ஒட்டிக்கொண்டு வந்தது. மதகுக்கு நாற்பது அடி தள்ளி, இரண்டு அறையும் ஒரு அடுப்படியும். வேலை இருக்கும் வரைக்கும் வீடு. கணவன் ஹரிதாஸ் கன்டெய்னர் லோரி ஓட்டி, வாரத்தில் நாலு நாள் வெளியூர் ரோட்டில் கிடக்கிறவன். மகள் ஷாமினிக்கு இந்த வருஷம் பள்ளிக்கூடத்தின் கடைசிப் பரீட்சையான எஸ்.பி.எம். இந்த நேரத்தில் வீட்டைக் காலி செய் என்று ஒருவன் சொல்லிவிட்டால் எங்கே போவது என்பதை நளினி ஒரு வருஷமாகத் தினமும் நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நினைக்க வைத்தவர் தண்டல் தனபாலன்.

தண்டல் என்றால் தோட்டத்தில் ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பி, செய்ததா இல்லையா என்று பார்க்கிறவர். தனபாலன் முப்பத்தொரு வருஷம் அதைச் செய்தார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு, காதில் ஒரு பென்சில். கெட்டவர் என்று யாரும் சொன்னதில்லை. நல்லவர் என்று சொல்வதற்கும் யாருக்கும் அவர் நேரம் கொடுத்ததில்லை. போன நவம்பரில் ஷாமினிக்கு டெங்கிக் காய்ச்சல் வந்து மலாக்கா பெரிய மருத்துவமனையில் படுத்திருந்தாள். நளினி வார்டுக்கும் மதகுக்குமாக மோட்டர் சைக்கிளில் ஓடிக்கொண்டிருந்தாள். ஒருநாள் டாக்டர் வரத் தாமதமாகி, இவள் மதகைத் திறக்க ஒன்றரை மணி நேரம் பிந்திவிட்டாள். அன்றைக்குப் பார்த்து நல்ல மழை. சிவப்புக் கோட்டைத் தாண்டிய தண்ணீர், தாழ்ந்த வெளியில் முப்பது ஏக்கர் இளங்கன்றுக்கு முந்தின நாள்தான் போட்டிருந்த உரத்தை மொத்தமாகக் கரைத்துக்கொண்டு போய்விட்டது.

தனபாலன் நோட்டில் எழுதினார். அது ஆபீசுக்குப் போயிற்று. ஆபீசிலிருந்து நளினிக்குக் கடிதம் வந்தது: இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேலையையும் வீட்டையும் திருப்பி ஒப்படைக்க வேண்டியிருக்கும். பிள்ளைக்கு டெங்கி என்று ஒரு வார்த்தை சேர்த்து எழுதியிருக்கக் கூடாதா என்று அவள் அவரிடமே போய்க் கேட்டாள். "நான் பாத்தத எழுதுனேன். ஆஸ்பத்திரிய நான் பாக்கலையே," என்றார் மனுஷன். அவ்வளவுதான். அதற்கப்புறம் அந்த வீட்டு வாசலை அவள் மிதிக்கவில்லை.

ஆனால் இதையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. அதே வாரத்தில் அவருடைய மனைவி ராமாத்தாள், முழங்கால் வலியோடு இரண்டு பஸ் மாறி மலாக்காவுக்கு வந்து, ஷாமினிக்குக் கஞ்சியும் நளினிக்குச் சோறும் ரசமும் தூக்குச்சட்டியில் கொண்டுவந்து கொடுத்தாள். மூன்று நாள் வந்தாள். நளினி அந்த ரசத்தைக் குடித்துக்கொண்டே அந்தப் புருஷனைத் திட்டித் தீர்த்தாள். ராமாத்தாள் மறுப்புச் சொல்லாமல் கேட்டுக்கொண்டு, சட்டியைக் கழுவி எடுத்துப் போனாள்.

அந்தத் தனபாலன் போன வியாழக்கிழமை காலையில், ஆள் பிரித்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. சாவுக்கு நளினியும் போனாள். வாசலை மிதிக்காமல், கூட்டத்துக்குப் பின்னால் ரோட்டிலேயே நின்றாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. தனக்கு வராமல் போனதே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது, துக்கமாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மழை கொஞ்சம் விட்டிருந்த நேரத்தில், ராமாத்தாள் கரையோரமாக நடந்து வந்தாள். குழாயடியிலேயே நின்றுவிட்டாள். தீட்டு, உள்ளே வரமாட்டேன் என்றாள். நளினி நாற்காலியை எடுத்து வந்து குழாயடியில் போட்டாள், தானும் ஒரு வாளியைக் கவிழ்த்து எதிரே உட்கார்ந்தாள்.

அஸ்தி இன்னும் கரைக்கவில்லை. பானையை மஞ்சள் துணியில் கட்டி வீட்டுக்குப் பின்னால் ரம்புத்தான் மரத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் மகன் புவனேஷுக்குச் செவ்வாய் வரைக்கும் லீவு. அவன், காரில் வைத்துக் கிளேபாங்குக்குக் கொண்டுபோய்விடலாம், அங்கே கடற்கரை வசதி என்றானாம். ராமாத்தாள் ஒத்துக்கொள்ளவில்லை. கிளேபாங்கில் கடலுக்குள் மணலைக் கொட்டிக் கொட்டி நிலமாக்கிவிட்டார்கள், ரோட்டோரம் முழுக்க இளநீர் ஐஸ் கடை, அங்கே கடல் எங்கே என்று கேட்டுக் கேட்டுப் போக வேண்டும் என்றாள். பாயா லாவுட்டில் செத்தவர்கள் எல்லாரும் இந்த மதகுப் படியிலிருந்துதான் போயிருக்கிறார்கள். தனபாலனின் அப்பா, அம்மா இரண்டு பேருமே இங்கேதான், இரண்டு பேருமே அமாவாசையில்தான்.

நாளைக்கு அமாவாசை. காரியம் செய்த பண்டாரம், அமாவாசை பிறந்ததும் கரைத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு அலோர் காஜாவில் வேறு ஒரு சாவுக்குப் போய்விட்டார். ராமாத்தாள் நாள்காட்டியைப் பார்த்தாள். மெர்லிமாவ் ஹனீஃப் பாய் மளிகைக் கடையில் வருஷா வருஷம் வாடிக்கைக்காரர்களுக்குக் கொடுக்கிற, தினமும் ஒரு தாள் கிழிக்கிற நாள்காட்டி அது. தோட்டத்தில் எல்லா வீட்டிலும் அதுதான் தொங்கும். எட்டு இருபதுக்கு அமாவாசை பிறக்கிறது என்று போட்டிருந்தது. இந்திய நேரத்துக்கும் நம் நேரத்துக்கும் இரண்டரை மணி வித்தியாசம் என்பதால், கல்யாணம் ஆன நாள் முதல் செய்கிற மாதிரி அதைக் கூட்டிக்கொண்டாள். பத்து ஐம்பது. அதற்கப்புறம் வீட்டில் படையல் போட்டு, பதினோரு மணிக்கு மேல் பானையை எடுத்தால், மதகுக்கு வரப் பன்னிரண்டு ஆகிவிடும்.

நளினிக்குத் திதி, ராகுகாலம் எதுவும் தெரியாது. கடல் தெரியும். நாளைக்கு எட்டு நாற்பதுக்குக் கடல் முழுசாக ஏறி மதகுப் படியில் மூன்றாவது படியைத் தொட்டு நிற்கும் என்றாள். அப்போதே வந்துவிட்டால் காலடியில் கரைத்துவிடலாம். பத்து மணிக்குப் படியை விட்டுக் கிளம்பிவிடும், மதகையும் அப்போது திறந்தாக வேண்டும். அமாவாசைத் தண்ணீர், இறங்க ஆரம்பித்தால் நிற்காது. பன்னிரண்டுக்கு வந்தால் சேறுதான் இருக்கும்.

அமாவாசை பிறக்குமுன் கரைக்க ராமாத்தாளுக்கு மனசு வரவில்லை. சேற்றில் கொட்டவும் மனசு வரவில்லை. பல வருஷத்துக்கு முன்னால் ஒரு குடும்பம் நேரம் தெரியாமல் வந்து, சேற்றிலேயே கொட்டிவிட்டுப் போனதை அவள் கரைமேல் நின்று பார்த்திருக்கிறாள்.

"பானையும் பூவும் சாயங்காலம் வரைக்கும் அங்கயே கெடந்துச்சு நளினி. நாய் வந்து துணிய இழுத்துச்சு. அவருக்கு அப்படி ஆவக்கூடாது."

அதனால்தான் கேட்க வந்தாள். நாளைக்குக் காலையில் மதகைத் திறக்காமல் பன்னிரண்டு மணி வரைக்கும் பிடித்து வைக்க முடியுமா? அவர்கள் வந்து அஸ்தியைப் படிக்குக் கீழே, மதகுக்கு வெளியே ஓடையில் விடும்போது திறந்துவிட்டால், தேங்கின தண்ணீர் ஒரே பாய்ச்சலாகச் சேற்று ஓடையில் போய்க் கடலில் சேர்த்துவிடும். இரண்டு மணி நேரம்தான்.

முடியாது என்று நளினி சொல்லியிருக்க வேண்டும். மூன்று நாள் மழை, வாய்க்கால் தளும்பிக்கொண்டிருந்தது. தாழ்ந்த வெளியில் சனிக்கிழமைதான், மழை விட்ட ஒரு பொழுதில், மறுபடி உரம் போட்டிருந்தார்கள். இரண்டு மணி நேரம் பிடித்தால் சிவப்புக் கோட்டைத் தாண்டும் என்பது சக்கரத்தைத் தொடாமலே தெரியும். ஆனால் அந்த அம்மாவின் வெறும் நெற்றியைப் பார்த்துக்கொண்டு அந்தக் கடிதத்தைப் பற்றிப் பேச அவளுக்கு வாய் வரவில்லை.

"பாக்குறேன் பெரியம்மா," என்றாள்.

நம் ஆட்கள் மறுக்க முடியாத இடத்தில் சொல்கிற வார்த்தை அது. ராமாத்தாள் அதைச் சரி என்றே எடுத்துக்கொண்டு இரண்டு கையையும் கூப்பினாள். வயசில் மூத்தவள் தன்னைக் கும்பிட்டதில் நளினிக்கு உடம்பு கூசிப்போயிற்று.

ஹரிதாஸிடம் போனில் சொன்னபோது அவன் லோரியை ஓரம் கட்டினான். உன்னைப் பற்றி ஆபீசுக்கு எழுதிக்கொடுத்தவனுக்கா என்று கேட்டான். வீட்டைத் தூக்கி லோரியில் வைத்துக்கொண்டா ஓடுவது என்றான். ஷாமினி பரீட்சை எழுதட்டும், அப்புறம் நீ எந்தச் சாமிக்கு வேண்டுமானாலும் மதகைப் பிடித்து வை என்றான். அவன் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை என்று நளினிக்குத் தெரியும். ஆனாலும் அந்த மூன்று நாள் ரசம் அவள் தொண்டையில் நின்றது. தனபாலனுக்காக என்றால் ஒரு நிமிஷம்கூடப் பிடித்து வைக்க மாட்டாள். ராமாத்தாள் முழங்கால் வலியோடு பஸ் ஏறி வந்தாளே, அவளுக்கு இல்லை என்று எப்படிச் சொல்வது? படுக்கப் போகும்போது அவள் முடிவு செய்துவிட்டாள். பிடிப்பது. ஆபீஸ் கேட்டால் சக்கரம் இறுகிப்போச்சு என்று சொல்வது.

திங்கட்கிழமை விடிந்தபோது மழை நின்றிருந்தது. ஏழரை மணிக்கு உதவி மேலாளர் கோகுலராஜிடமிருந்து செய்தி வந்தது. 'அக்கா, உரம் போட்டிருக்கு. இன்னிக்கு டைமுக்குத் தொறந்துடுங்க லா.' சின்னப் பையன், மரியாதை தெரிந்தவன், ஆனால் மேலே எழுதச் சொன்னால் எழுதத்தான் செய்வான். நளினி பதில் போடவில்லை. கிரீஸ் டின்னையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு போய்ச் சக்கரத்துக்குப் பக்கத்தில், பார்த்தால் தெரிகிற மாதிரி வைத்தாள். பதினாறு வருஷத்தில் அந்தச் சக்கரத்தைப் பற்றி அவள் பொய் சொன்னதில்லை. வைத்துவிட்டுக் கரைமேல் ஏறினாள்.

வெளியே கடல் வந்துவிட்டிருந்தது. சேறு, கொக்கு, கண்டல் வேர் எல்லாம் முழுகிப்போய், மூன்றாவது படியை நக்கிக்கொண்டு நின்றது. உள்ளே வாய்க்கால் தண்ணீர் சிவப்புக் கோட்டுக்கு நாலு விரல் கீழே.

எட்டேகாலுக்குக் கரை ரோட்டில் ஒரு கார் வந்தது. புவனேஷ் இறங்கினான், கையில் மஞ்சள் துணி கட்டிய பானை. மறுபக்கம் ராமாத்தாள், இடுப்பில் பூத்தட்டும் ஒரு போத்தலில் பாலும். இன்னும் நேரம் ஆகவில்லையே பெரியம்மா என்று நளினி எழுந்து போனாள். ராமாத்தாள் கடல் பக்கமே பார்க்கவில்லை. உள்பக்கம் திரும்பி, மட்டப் பலகையைப் பார்த்தாள். தண்டலின் பெண்டாட்டிக்குச் சிவப்புக் கோடு என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிறகு சக்கரத்தடியில் இருந்த சுத்தியலைப் பார்த்தாள், டின்னைப் பார்த்தாள்.

"இது என்னாத்துக்கு?"

நளினி சுத்தியலைக் காலால் ஓரமாகத் தள்ளினாள்.

காலையில் புவனேஷ் பூ வாங்கப் போகும்போது தானும் காரில் உட்கார்ந்து போனதாக ராமாத்தாள் சொன்னாள். தாழ்ந்த வெளி வழியாகத்தான் போனார்களாம். ஒவ்வொரு கன்றின் காலடியிலும் வெள்ளையாக உரம் கிடந்தது. சனிக்கிழமை யார் யார் எந்த நிரையில் போடுவது என்று புதன்கிழமை ராத்திரி சாப்பிட்டுவிட்டு அவர்தான் உட்கார்ந்து எழுதினார். அதுதான் அவர் எழுதின கடைசி எழுத்து. அதைப் பார்த்ததும்தான் தான் என்ன கேட்டுவிட்டோம் என்று அவளுக்குப் புரிந்தது. நேற்றுத் துக்கத்தில் அது தோன்றவே இல்லை. வீட்டுக்குத் திரும்பியதும் படையலைக்கூடப் போடாமல் பானையை எடுக்கச் சொன்னாள்.

"நீயாச்சும் சொல்லியிருக்கலாம்ல புள்ள," என்றாள். "அவரு எழுதுன எழுத்தால ஒரு தடவ ஒன் வீடு போவப் பாத்துச்சு. அவரு சாம்பலால இன்னொரு தடவ போவ வேணாம்."

புவனேஷ் தயங்கினான். அவனுக்கு அம்மா சொன்னதுதான் பஞ்சாங்கம், அந்த அம்மாவே இப்போது அதை மாற்றுகிறாளே என்று திகைத்தான். "இன்னும் அமாவாசை பொறக்கலையேம்மா. அப்பாவுக்கு..."

"பொறக்காட்டிப் போவுது. கடல் வேணாம்னா சொல்லப்போவுது? கொற இருந்தா என் தலையில விடியட்டும். எறங்குப்பா, தண்ணி இருக்கறப்பவே எறங்கு."

சொன்னாளே ஒழிய, பூத்தட்டை மகனிடம் உடனே கொடுத்துவிடவில்லை. தன் புருஷனை அவருடைய அப்பா அம்மாவோடு சேர்க்காமல், இரண்டு மணி நேரம் முன்னாலேயே தனியாக அனுப்புகிறோம் என்று அவள் மனசார நம்பினாள். நம்பிக்கொண்டேதான் அனுப்பினாள். அதை நளினி அருகில் நின்று பார்த்தாள், அவளால் தாங்க முடியவில்லை.

புவனேஷ் மூன்றாவது படிக்கு இறங்கினான். துணியை அவிழ்த்து, சாம்பலை ஊற்றி, பாலை ஊற்றி, பூவைத் தூவினான். பானையைத் தோளுக்குப் பின்னால் தண்ணீரில் விட்டுவிட்டு, சொன்னபடி திரும்பிப் பார்க்காமல் மேலே ஏறினான். பழக்கத்தில் நளினி கைப்பேசியில் மணி பார்த்தாள். எட்டு முப்பத்தைந்து. கடல் ஏறி முடிந்து, இறங்கத் தொடங்காமல் அசையாது நிற்கிற நேரம் அது. சாம்பல் படியை விட்டுப் போகாமல் கொஞ்ச நேரம் அங்கேயே மிதந்தது, ஆள் பிரித்துவிட்டுக் கடைசியாகக் கிளம்புகிற தண்டல் மாதிரி. அதைப் பார்த்துத்தான் நளினிக்கு அழுகை வந்தது. வாய்விட்டு அழுதாள். செத்தவருக்காக அழுதாளா, ஒரு வருஷமாகத் தூக்கிச் சுமந்த கோபத்துக்காக அழுதாளா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. ராமாத்தாள் தீட்டையும் மறந்து அவள் முதுகில் கையை வைத்தாள்.

பத்து மணி ஐந்து நிமிஷத்துக்குக் கடல் போதுமான அளவு இறங்கியதும் நளினி சக்கரத்தைச் சுற்றினாள். பலகையில் தண்ணீர் சிவப்புக் கோட்டுக்கு ஒரு விரல் கீழே. படம் எடுத்து அனுப்பினாள். கோகுலராஜ் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினான். மூன்று நாள் மழைத் தண்ணீர் மதகு வழியே பாய்ந்து, கண்டல் வேரில் சிக்கிக்கொண்டு கிடந்த நாலைந்து செவ்வந்திப் பூவையும் இழுத்துக்கொண்டு கடலைப் பார்த்துப் போயிற்று. கிரீஸ் டின்னையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தாள்.

குளித்துவிட்டு அடுப்படிக்குள் வந்தபோதுதான் சுவரில் ஹனீஃப் பாய் கடை நாள்காட்டியில் இன்னும் ஞாயிற்றுக்கிழமையே தொங்குவதைப் பார்த்தாள். கிழித்தாள். திங்கள். அமாவாசை, காலை 8.20 முதல். வழக்கமாக அவள் அந்தத் தாளில் தேதியைத் தவிர வேறு எதையும் படிப்பதில்லை. இன்றைக்கு என்னவோ அடிவரைக்கும் படித்தாள். அடியில், கடுகு அளவு எழுத்தில் ஒரு வரி இருந்தது. 'நேரம் அனைத்தும் மலேசிய நேரம்.'

இரண்டு தடவை படித்தாள். அப்புறமும் நம்பிக்கை வராமல் கடைக்குப் போன் போட்டாள். ஹனீஃப் பாயே எடுத்தார். அவருடைய வாப்பா காலத்தில் நாள்காட்டி இந்தியாவிலிருந்து கப்பலில் வந்ததாம். தான் கடையை எடுத்த பிறகு பத்து வருஷமாக இங்கேதான் அச்சடிப்பதாகவும், நேரமெல்லாம் அவர்களே மாற்றித்தான் போடுகிறார்கள் என்றும் சொன்னார். இன்னும் வயசானவர்கள் சிலர் பழக்கத்தில் கூட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள், கல்யாணத்துக்குக்கூடப் பிந்திப் போகிறார்கள் என்று சிரித்தார். நளினி சிரிக்கவில்லை. நன்றி பாய் என்று வைத்துவிட்டு, திங்கட்கிழமைத் தாளையும் கிழித்துக்கொண்டு, ஈரத் தலையோடு மோட்டரை எடுத்தாள்.

ராமாத்தாள் வீட்டு வாசலில் ஒரு வருஷத்துக்கு அப்புறம் செருப்பைக் கழற்றினாள். கூடத்தில் தனபாலனின் படம், அதற்கு முன்னால் ஒரு விளக்கு. காதில் பென்சில் இல்லாமல் எடுத்த படம், அதனால் வேறு யாரோ மாதிரி இருந்தார். ராமாத்தாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. புவனேஷ் பக்கத்தில் உட்கார்ந்து அவளைக் காப்பி குடிக்க வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். பத்து ஐம்பது ஆயிருக்குமா, இப்போதுதானே பிறக்கும் என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாளாம்.

நளினி தாளை அவள் மடியில் வைத்து, கடைசி வரியில் விரலை வைத்தாள்.

"கூட்டத் தேவையில்ல பெரியம்மா. இது நம்ம நேரம். எட்டு இருவதுக்கே பொறந்துருச்சு. நாம விட்டது எட்டு முப்பத்தஞ்சு, நான் மணி பாத்தேன். அமாவாசையிலதான் போயிருக்காரு."

ராமாத்தாள் தாளைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். புவனேஷ் வாங்கிப் படித்து, தலையை ஆட்டி, திருப்பிக் கொடுத்தான். அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் கோணியது. அழப்போகிறாள் என்று நளினி கையைப் பிடித்தாள். ஆனால் வந்தது சிரிப்பு. அதற்குப் பின்னாலேயே அழுகையும் வந்தது.

"பத்து வருசம் நளினி. ஒவ்வொரு கிருத்திகைக்கும், ஒவ்வொரு அமாவாசைக்கும் இந்த மனுசன் தலைப்பாடா அடிச்சிக்கிட்டாரு. கூட்டாத, அதுல எழுதியிருக்குறதப் பாருன்னு. எழுத்தக் கட்டிக்கிட்டே அழுவுங்கன்னு நான்தான் திட்டுவேன்."

நளினிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த மனுஷர் பேரைச் சொல்லி அவள் சிரித்தது ஒரு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

ராமாத்தாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். தாளை இரண்டாக மடித்து, படத்துச் சட்டத்தின் அடியில், அவர் சட்டைப் பை இருக்கும் இடத்துக்கு நேராகச் செருகினாள்.

"இந்தாங்க," என்றாள் அவரிடம். "நீங்க சொன்னதுதான் சரி."